செவி, மூக்கு, தொண்டை: நோய் அறிதலும் தீர்த்தலும்

நுழையுமுன்

தாய்மொழி நமக்குச் செவி வழியாகவே முதலில் வருகிறது. தில்லியிலும் மும்பையிலும் குவாஹாத்தியிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் கேட்கின்றனர். தெருவில் அவ்வூர் மொழியைக் கேட்கின்றனர். தமிழை வீட்டில் மட்டுமே கேட்கின்றனர். எழுத்தைப் பிறகு புத்தகத்தில் கற்கலாம். ஆனால் ல, ள, ழ என்னும் மூன்று ஒலிகளின் வேறுபாட்டை முதலில் அறிவது செவியே. அச்செவிக்கும் அதனோடு இணைந்த மூக்குக்கும் தொண்டைக்கும் வரும் நோய்களை மருத்துவர் எவ்வாறு கண்டறிகிறார், எவ்வாறு தீர்க்கிறார் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

மூன்று வாயில், ஒரே இல்லம்

கண்ணுக்குத் தனி மருத்துவர், பல்லுக்குத் தனி மருத்துவர் என இருக்க, காது, மூக்கு, தொண்டை மூன்றுக்கும் ஒரே மருத்துவர் இருப்பது ஏன்? வெளியே தனித்தனி வாயில்களாகத் தோன்றும் இம்மூன்றும் உள்ளே ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன என்பதே காரணம்.

மூக்கின் பின்புறம் தொண்டையின் மேற்பகுதியில் திறக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு பக்கமும் ஒரு மெல்லிய குழல் நடுச்செவிக்குச் செல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய உடற்கூற்று அறிஞர் பார்த்தலோமியோ யூஸ்டேக்கி இக்குழலை விரிவாக விளக்கினார்; ஆகவே அது யூஸ்டேக்கியன் குழல் எனப் பெயர் பெற்றது. நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் இக்குழல் திறந்து மூடுகிறது. மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது காது அடைத்துப் பின்னர் 'பட்' என்று திறப்பது இதனால்தான்.

சிறுவர்களுக்கு இக்குழல் குட்டையாகவும் ஏறக்குறையக் கிடைமட்டமாகவும் இருக்கும். மூக்கில் தோன்றிய சளி எளிதாக நடுச்செவிக்குச் சென்றுவிடும். ஆதலால் காதுவலி என்று வரும் சிறுவனின் மூக்கையும் தொண்டையையும் மருத்துவர் பார்க்காமல் விடுவதில்லை. துன்பம் தெரியும் இடம் ஒன்றாகவும், அது தொடங்கிய இடம் வேறாகவும் இருக்கலாம். தொடங்கிய இடத்தைத் தேடிக் காண்பதே நோய் அறிதல்.

முதற்கருவி: சொல்

மருத்துவர் கையில் எடுக்கும் முதற்கருவி நோயாளியின் சொல்லே ஆகும். என்ன துன்பம், எப்போது தொடங்கியது, எப்போது மிகுகிறது, ஒரு பக்கமா இருபக்கமா என்று அவர் வினவுவார். விடைகள் தெளிவாக இருந்தால் நோயைக் கண்டறியும் வேலையில் பெரும்பகுதி அப்போதே முடிந்துவிடும்.

இங்கு உங்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தாவையோ பாட்டியையோ வெளிமாநில மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது, அவர்கள் கூறும் தமிழை மருத்துவருக்கு எடுத்துரைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளே. காதைப் பற்றி நம் மொழியில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள். காது குத்துகிறது என்பது ஒன்று. குடைகிறது என்பது வேறு. அடைப்பு என்பது ஒன்று. இரைச்சல் என்பது வேறு. தொண்டையிலும் கரகரப்பு, கமறல், எரிச்சல், விழுங்கும்போது வலி என்பன வெவ்வேறு. இவை அனைத்தையும் 'வலி' என்னும் ஒரே சொல்லாக மாற்றிக் கூறினால் மருத்துவர் வழிதவற நேரும்.

'மயக்கம்' என்னும் சொல்லுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. நினைவு தப்பி விழுவதையும் மயக்கம் என்கிறோம். அறையே சுழல்வதுபோல் தோன்றுவதையும் மயக்கம் என்கிறோம். முதலாவதற்குக் காரணம் இதயத்திலோ இரத்த ஓட்டத்திலோ இருக்கலாம். இரண்டாவதற்குக் காரணம் பெரும்பாலும் உட்செவியில் இருக்கும். உடலின் சமநிலையைக் காக்கும் மூன்று அரைவட்டக் குழல்கள் உட்செவியில் உள்ளன. அங்குள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி இக்குழல்களுக்குள் புகுந்தால், படுக்கையில் புரளும்போதும் தலையை நிமிர்த்தும்போதும் சில நொடிகள் உலகமே சுழலும். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் மெல்லத் திருப்பியே மருத்துவர் அத்துகள்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுசெல்வார். ஆகவே, "பாட்டிக்கு நினைவு தப்பவில்லை, படுக்கையில் திரும்பும்போது அறை சுழல்கிறது என்கிறார்" என்று நீங்கள் சரியாக எடுத்துரைத்தால், மருத்துவர் தேட வேண்டிய இடம் உடனே தெளிவாகும்.

ஒளியும் கண்ணாடியும்

செவித்துளையும் மூக்கும் தொண்டையும் இருண்ட பாதைகள். அங்கே ஒளியைச் செலுத்தினால்தான் எதையும் காண இயலும். இதற்கு வழி கண்டவர்களுள் ஒருவர் மருத்துவரே அல்லர். அவர் ஓர் இசை ஆசிரியர்.

ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மனுவேல் கார்சியா, பாடும்போது குரல்நாண்கள் எவ்வாறு அசைகின்றன என்று காண விரும்பினார். 1854ஆம் ஆண்டில் பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடி ஒன்றைத் தம் தொண்டைக்குள் வைத்துக்கொண்டார். கையில் பிடித்த மற்றொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மீது விழச் செய்தார். தம் குரல்நாண்கள் திறந்து மூடுவதைத் தம் கண்ணாலேயே கண்டார். மறு ஆண்டில் அதை இலண்டன் அரச கழகத்தில் கட்டுரையாக அளித்தார். மருத்துவர்கள் அம்முறையை விரைவில் மேற்கொண்டனர்.

நெற்றியில் வட்டமான கண்ணாடியைக் கட்டிய மருத்துவரின் படத்தைப் பழைய நூல்களில் நீங்கள் பார்த்திருக்கலாம். அக்கண்ணாடியின் நடுவில் ஒரு துளை இருக்கும். கண்ணாடி விளக்கொளியைத் திருப்பி உள்ளே அனுப்பும். மருத்துவர் துளை வழியே பார்ப்பார். இன்று நெற்றி விளக்கும், செவியைக் காண உதவும் ஓட்டோஸ்கோப்பும், மூக்கின் வழியே தொண்டைவரை செல்லும் எண்டோஸ்கோப்பும் வந்துவிட்டன. கருவிகள் மாறினாலும் முறை மாறவில்லை: முதலில் கேட்டல், பின்னர் காணல், அதன்பிறகே சோதனை.

செவி: கேளாமை என்னும் மறைந்த நோய்

செவித்துளையின் முடிவில் செவிப்பறை உள்ளது. ஒலி அலைகள் அதை அதிரச் செய்கின்றன. அவ்வதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. இவற்றுள் அங்கவடி எலும்பே நம் உடலில் மிகச் சிறிய எலும்பு. அதன் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியா இருக்கிறது. அதிலுள்ள மயிரிழைச் செல்கள் அதிர்வை மின்குறிப்புகளாக மாற்றி நரம்பு வழியே மூளைக்கு அனுப்புகின்றன. மனிதருக்கு இச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

காது கேட்கவில்லை என்றால் தடை எங்கே இருக்கிறது? வழியிலா, உட்செவியிலா? இதை அறிய ஓர் எளிய கருவி உண்டு: இசைக்கவை. மருத்துவர் அதைத் தட்டி அதிரச் செய்து, காதின் பின்னுள்ள எலும்பில் வைப்பார். பிறகு காதின் முன்னே பிடிப்பார். நலமுள்ள காதுக்குக் காற்றின் வழி வரும் ஒலியே நன்கு கேட்கும். எலும்பின் வழி வரும் ஒலி கூடுதலாகக் கேட்டால், செவித்துளையிலோ நடுச்செவியிலோ தடை உள்ளது என்று பொருள். 1855ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ரின்னே விளக்கிய இச்சோதனை இன்றும் நடைமுறையில் உள்ளது. கேள்திறன் எவ்வளவு குறைந்துள்ளது என்பதை ஆடியோமீட்டர் என்னும் கருவி டெசிபல் அளவில் வரைபடமாகக் காட்டும்.

சிறுவர்களைப் பற்றும் ஒரு நோயைச் சிறப்பாக அறிந்துகொள்ள வேண்டும. சளி பிடித்தபின் யூஸ்டேக்கியன் குழல் அடைபட்டு, நடுச்செவியில் பசைபோன்ற நீர் தேங்குவதுண்டு. இதில் பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சலும் இருக்காது. ஒலி மட்டும் மங்கும். அம்மாணவன் வகுப்பில் கூப்பிட்டால் திரும்பமாட்டான், தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவான், "என்ன? என்ன?" என்று கேட்பான். உயிரெழுத்து ஒலிகளைவிட மெய்யெழுத்து ஒலிகள் மெலிந்தவை. அவை அவனுக்கு நழுவிப்போகும். ஆசிரியர் அவனைக் கவனமில்லாதவன் என்று எண்ணக்கூடும், வீட்டாரும் கடிந்துகொள்வர். குற்றம் அவனுடையதன்று, அவன் நடுச்செவியில் தேங்கிய நீருடையது.

இந்நீர் பலருக்குச் சில வாரங்களில் தானே வடிந்துவிடும். ஆதலால் மருத்துவர் மூன்று மாதம்வரை காத்திருந்து பார்ப்பது உண்டு. வடியாவிட்டால், செவிப்பறையில் நுண்துளையிட்டுக் குரோமெட் என்னும் மிகச் சிறிய குழலைப் பொருத்துவார். பல மாதங்கள் காற்றோட்டம் தந்தபின் அது பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும். மூக்கின் பின்னுள்ள அடினாய்டு சதை வீங்கிக் குழலை அடைத்திருந்தால் அதையும் அகற்றுவதுண்டு.

சீழ் பிடித்துச் செவிப்பறையில் ஓட்டை விழுந்தால், காதின் அருகிலிருந்து எடுத்த மெல்லிய திசுவை அங்கே வைத்து அடைப்பர். கேள்திறன் மீளாதவர்க்குச் செவித்துணைக் கருவி உதவும். அதுவும் போதாத அளவுக்கு உட்செவி பழுதுபட்டிருந்தால் காக்ளியா உள்வைப்புச் சிகிச்சை உண்டு. அதன் முன்னோடிகளுள் ஒருவர் ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க். அவருடைய தந்தையாருக்குக் காது சரியாகக் கேளாது. சுருண்ட காக்ளியாவுக்குள் மின்கம்பிகளைச் சிதைவின்றி எவ்வாறு செலுத்துவது என்பது அவரை வாட்டிய சிக்கல். 1977ஆம் ஆண்டில் கடற்கரையில் கிடைத்த ஒரு சங்கினுள் புல்லிதழைச் செலுத்திப் பார்த்தார். நுனியில் வளைந்தும் அடியில் விறைத்தும் இருந்த புல் சுருளுக்குள் எளிதாகச் சென்றது. கம்பியையும் அவ்வாறே அமைத்தார். 1978இல் மெல்போர்னில் முதல் அறுவையைச் செய்தார்.

பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு இச்சிகிச்சை இளவயதிலேயே கிடைக்க வேண்டும். மூளை மொழியைக் கற்கும் பருவம் அதுவே. ஆகையால் குழந்தை பிறந்தவுடனே கேள்திறனைச் சோதிக்கும்படி மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். 1965இல் மைசூருவில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இத்துறையில் நாடறிந்தது. உலகில் 43 கோடிக்கு மேற்பட்டோருக்குக் கேள்திறன் குறைபாட்டுக்கான உதவி தேவைப்படுகிறது என்றும், அவர்களுள் 3 கோடியே 40 இலட்சம் பேர் குழந்தைகள் என்றும் உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. ஆண்டுதோறும் மார்ச் 3ஆம் நாள் உலகச் செவித்திறன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

மூக்கு

மூக்கு நாம் இழுக்கும் காற்றை வடிகட்டி, வெதுவெதுப்பாக்கி, ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. வட இந்தியக் குளிர்காலத்தின் வறண்ட காற்றும் புகையும் மூக்கின் உட்தோலை உலர்த்தும். அப்போது மூக்கின் முன்பகுதியிலுள்ள மெல்லிய இரத்தக்குழாய்கள் வெடித்துக் குருதி வடியலாம்.

அப்போது பலர் தலையை அண்ணாந்து வைப்பர். அது தவறு, குருதி தொண்டைக்குள் இறங்கிவிடும். நேராக அமர்ந்து, தலையைச் சற்று முன்னே சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியை இரு விரல்களால் 10 முதல் 15 நிமிடம்வரை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வாயால் மூச்சு விட வேண்டும். அதன்பிறகும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சிறு குழந்தைக்கு ஒரு நாசியில் மட்டும் நாற்றத்துடன் சளி வடிந்தால், உள்ளே மணியோ பயறோ சிக்கியிருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுவார். வீட்டில் குச்சியால் அதை எடுக்க முயன்றால் இன்னும் உள்ளே போகும். பொம்மைகளிலும் கைக்கடிகாரங்களிலும் உள்ள வட்டமான சிறு மின்கலம் மூக்கிலோ காதிலோ தொண்டையிலோ சிக்கினால், சில மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். அப்போது ஒரு நொடியும் தாழ்த்தலாகாது.

தொண்டை

தொண்டை உணவுக்கும் காற்றுக்கும் பொதுவான வழி. தொண்டைவலி பெரும்பாலும் வைரஸ்களால் வருவது. மூக்கொழுகலும் இருமலும் உடன்இருந்தால் அதுவே காரணம் என்று மருத்துவர் கருதுவார். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் வைரசை ஒன்றும் செய்யா. ஓய்வும் வெந்நீரும் வலி குறைக்கும் மருந்துமே போதும்.

ஆயினும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் தொண்டைவலியை எளிதாக எண்ணலாகாது. அதைக் கவனியாது விட்டால் சிலருக்கு வாதக்காய்ச்சல் வந்து, இதய வால்வுகள் பழுதுபடும். தொண்டையிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரியைச் சோதித்து இதனை உறுதி செய்வர். அப்போது தரும் மருந்தை, வலி நின்றபின்னும் சொன்ன நாள்வரை உண்ண வேண்டும்.

தொண்டை அடைப்பான் என்னும் கொடிய நோய் தொண்டையில் சாம்பல் நிறப் படலத்தை உண்டாக்கி மூச்சையே அடைக்கும். குழந்தைப் பருவத்தில் போடும் தடுப்பூசிகளோடு, 10, 16 ஆகிய வயதுகளில் போடும் ஊசியும் அதனைத் தடுக்கும். உங்களுக்கு அவ்வூசி போடப்பட்டதா என்று வீட்டில் கேளுங்கள்.

பெரியவர்க்குக் குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் எண்டோஸ்கோப் சோதனை கட்டாயம் வேண்டும். புகையும் புகையிலையும் பழகியவர்க்கு அது புற்றுநோயின் முதற்குறியாக இருக்கலாம். குரல்வளைப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணப்படுத்த இயலும்.

கழுத்து

காது, மூக்கு, தொண்டை மருத்துவர் கழுத்தையும் தடவிப் பார்ப்பார். தொண்டைப் புண் வந்தால் தாடையின்கீழ் நெறிகட்டுவது இயல்பு. கழுத்தில் நெறிகள் மாலைபோல் வரிசையாக வீங்கினால் அது காசநோயாக இருக்கலாம். நம் முன்னோர் அதனைக் கண்டமாலை என்றனர். மெல்லிய ஊசியால் சிறிது எடுத்துச் சோதித்தால் உண்மை தெரியும். குறைந்தது ஆறு மாதம் மருந்துண்டால் குணமாகும்.

முன்கழுத்தில் வீக்கம் இருந்தால் மருத்துவர் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்வார். விழுங்கும்போது வீக்கமும் மேலெழுந்து இறங்கினால் அது தைராய்டு சுரப்பியிலிருந்து எழுந்தது என்று அறிவார். ஒரு குவளைத் தண்ணீரே இங்குச் சோதனைக் கருவி.

அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலை ஒருகாலத்தில் இமயமலை அடிவாரத்தில் பரவியிருந்தது. மண்ணில் அயோடின் இன்மையால் விளைச்சலிலும் அது இல்லை. இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ அறிஞர் வு. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அப்பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டில் அயோடின் கலந்த உப்பையும் ஒன்றில் வெறும் உப்பையும் வழங்கினர். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை குறைந்தது. 1962இல் நாடு தழுவிய கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. கத்தியும் தையலும் இன்றி, சமையலறை உப்பாலேயே இலட்சக்கணக்கானோர் காக்கப்பட்டனர்.

காப்பது எளிது

காதுக்குள் ஊக்கு, குச்சி, பஞ்சுக் குச்சி எதையும் விடாதீர்கள். குறும்பி தானே வெளியேறும். காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றும் பழக்கம் வீட்டில் இருந்தால் பணிவோடு தடுத்துரையுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது பெருந்தீங்காகும். காதணிபேசியின் ஒலியைப் பாதிக்குமேல் கூட்டாதீர்கள். அழிந்த மயிரிழைச் செல்களை எந்த மருந்தும் மீட்டுத் தராது.

உங்கள் வகுப்பில் யாரேனும் அடிக்கடி "என்ன?" என்று கேட்டால் நகைக்காதீர்கள். ஆசிரியரிடம் சொல்லி, அவரை முன்வரிசையில் அமரச் செய்து, செவியைச் சோதிக்கும்படி கூறுங்கள். உரிய காலத்தில் செய்த ஒரு சோதனை ஒருவருடைய கல்வியையும் மொழியையும் காக்கும்.

அருஞ்சொற்பொருள்

இசைக்கவை – தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் கவை வடிவ உலோகக் கருவி
குறும்பி – காதில் சுரக்கும் அழுக்கு
குரல்நாண் – குரலை எழுப்பும் தசைமடிப்பு
நெறிகட்டுதல் – நிணநீர்க் கணு வீங்குதல்
அண்ணாந்து – தலையை மேல்நோக்கி நிமிர்த்தி
கழலை – சதை வீக்கம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. காதுவலி உள்ள சிறுவனின் மூக்கையும் மருத்துவர் பார்ப்பது ஏன்?
2. 'மயக்கம்' என்னும் சொல் தரும் இரு பொருள்கள் யாவை?
3. நம் உடலின் மிகச் சிறிய எலும்பு எது?
4. மூக்கில் குருதி வடியும்போது செய்ய வேண்டுவன யாவை?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. நடுச்செவியில் நீர் தேங்கிய மாணவனைப் பிறர் தவறாக எண்ணுவது எவ்வாறு?
2. கடற்கரைச் சங்கு கிரேம் கிளார்க்குக்கு எவ்வாறு உதவியது?
3. காங்ரா ஆய்வில் ஒரு பகுதிக்கு மட்டும் வெறும் உப்பு தரப்பட்டதன் நோக்கம் யாது? சிந்தித்து எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
செவிப்பறை, நடுச்செவி, சிற்றெலும்பு, முதற்கருவி

ஈ. பின்வரும் மரபுத்தொடர்களின் பொருளறிந்து தொடரில் அமைக்க.
காது கொடுத்தல், மூக்கை நுழைத்தல், தொண்டைத் தண்ணீர் வற்றுதல், கழுத்தை நெரித்தல்

உ. செயல்பாடு
1. உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ காது, மூக்கு, தொண்டைத் துன்பங்களைக் குறிக்கும் ஊர்ச்சொற்களைக் கேட்டு எழுதுக. அவற்றை நீங்கள் வாழும் ஊரின் மொழியில் மருத்துவரிடம் எவ்வாறு கூறுவீர்கள்?
2. ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர் 'பல், பள்ளி, பழம், மனம், மணம், மரம், மறம்' ஆகிய சொற்களை மெல்லக் கூற, கேட்டவாறே எழுதிச் சரிபார்க்க.